ஜேசுபாதத்தின் பார்

ஆலந்தலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். பள்ளியில் இருந்த ஒரே உலகப் படத்தில் சோவியத் யூனியன் இன்னும் உடையவில்லை. அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வரைபடத் தளத்தைத் திறந்தேன். யாரும் அதில் புள்ளி வைக்கலாம், பெயர் எழுதலாம்.

வீட்டில் ஒருவர் பகலில் இருக்கும் இடத்தைக் குறிக்கச் சொன்னேன். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மனப்பாடமாக இருக்க வேண்டும். மாதிரிக்கு நானே ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் மாவட்டத்து நாசரேத், கல்லறைத் தோட்டம். 'என் மனைவி' என்று எழுதினேன்.

மறுநாள் பதினேழு புள்ளிகள் வந்தன. எல்லாம் கடலுக்குள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'என் அப்பா'. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் பதினேழு அப்பாக்களும் வகுப்பில் இருந்தார்கள்.

பிள்ளைகள் அப்பாவின் ஜிபிஎஸ் கருவியிலிருந்து எண்களை எடுத்திருக்கிறார்கள். அவை பார்கள், கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டுகள். ஒரு வீட்டின் பார் அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது.

"எம் பொண்டாட்டிட்டயே சொன்னதில்ல சார்," என்றார் ஷெர்லியின் அப்பா ஜேசுபாதம். "விடிஞ்சா அத்தன வள்ளமும் எம் பாருல நிக்கும். அழிச்சிருங்க."

"உங்களுது எது?"

ஜேசுபாதம் விரலைத் தூக்கினார். பின்னால் பதினாறு கழுத்துகள் நீண்டன. விரலை மடக்கிக்கொண்டார்.

"அப்ப எல்லாத்தயும் அழிச்சிருதேன்," என்றேன்.

தலைமையாசிரியர் ஏசுவடியான் ஓடி வந்தார். "கிருபாகரன், நாளைக்கு அதிகாரி வாராக. மேப் இருந்தாகணும்!"

கடைசி பெஞ்சில் பெவின் உட்கார்ந்திருந்தார்; அவர் மகளும் இதே வகுப்புதான். அவர்தான் வழி சொன்னார். "அழிக்காண்டாம். கூடப் போடுவோம். எது நெசம்னு எவனுக்குத் தெரியும்?"

மாலைக்குள் கடலில் இருநூற்றுப் பன்னிரண்டு 'என் அப்பா'. ஜேசுபாதம் இலங்கைப் பக்கமாக ஐந்து வைத்தார்.

"அங்கன போனா நேவி புடிப்பான்லா?" என்றேன்.

"பெவின் அங்கனதான் போவான் சார்."

சுட்டியை நகர்த்தியவர் நாசரேத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தினார். "இதயும் பத்து போட்டு மறைச்சிருவமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அத யாரும் எடுக்கப் போறதில்ல."

கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் அதிகாரி வெகுநேரம் திரையைப் பார்த்தார். "பதினேழு பிள்ளைங்களுக்கு இத்தனை அப்பாக்களா?"

"கூட்டுக் குடும்பம் சார்," என்றார் தலைமையாசிரியர்.

மூன்றாம் நாள் ஜேசுபாதம் வகுப்பு வாசலில் நின்றார். முகம் செத்திருந்தது.

"ஷெர்லி இனி எடுக்கப்படாதுன்னு அன்னைக்கே ஜிபிஎஸ்ஸுலயும் அழிச்சிட்டேன் சார். எங்கப்பா கோயில் கோபுரத்தப் பாத்தே பாரைப் புடிப்பாரு. எனக்கு நம்பர் வேணும். இந்த இருநூத்துல நம்மது எது?"

எண்களை மனப்பாடம் செய்யச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஷெர்லியைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து கைகட்டி, பள்ளிக்கே கேட்கும் குரலில் தொடங்கினாள்:

"வடக்கு அட்சரேகை எட்டு டிகிரி, இருபத்தாறு நிமிடம்..."

ஜேசுபாதம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். "மெதுவா, ஏளா! பெவின் வராந்தாவுல நிக்கான்."

பெவினும் தன் எண்ணை அழித்திருந்தார். தன் முறைக்குக் காத்திருந்தார்.

ஜேசுபாதம் குனிந்து மகளிடம் காதைக் கொடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்துக்கு உயிர் வந்தது.

பத்துக்குப் பத்து போட்டேன். என் காதில் ஒன்றும் விழவில்லை.