படியேறும் ஆம்ப்ளிஃபயர்

உலகத்தில் பேய் கிடையாது, காய்ந்துபோன கண்டென்சர்தான் உண்டு. இந்த உண்மையைக் கண்டுபிடித்த முதல் மனிதர் கடைவீதியின் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக், இரண்டாவது மனிதர் இன்னும் பிறக்கவில்லை. இதை அவரே சொன்னார், யாரும் மறுக்கவில்லை. நீதிமன்றத்து மைக் ஒவ்வொரு தீர்ப்புக்கும் முன்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சரிசெய்தவர் அவர்தான். அதன் பிறகு தீர்ப்புகள் பெருமூச்சு இல்லாமல் வந்தன, யாருக்கும் தண்டனை குறையவில்லை. எந்த இரைச்சலையும் அடக்கிவிடுவார் என்பதால் அவருக்கு நிசப்தம் என்று பெயர் விழுந்தது. சத்தத்துக்குக் காரணம் தேடாமல் சத்தத்தோடு பேச்சுக் கொடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஃபேன் கிறீச்சிட்டா எண்ணெய் விடணும், உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேக்கக் கூடாது" என்பார்.

ஆகவே, தையல்காரர் வீட்டு ஆம்ப்ளிஃபயர் மாடிப்படி ஏறத் தொடங்கியபோது அது நிசப்தத்திடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். மூடிய சினிமாத் தியேட்டர் ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது தையல்காரரின் மகன் தூக்கிவந்தது. அதில் கொஞ்ச காலம் பாட்டுக் கேட்டுவிட்டு அவன் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலைக்குப் போனான். கப்பல் திரும்பி வந்தது. அவன் எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கினான், மறுபடி ஏறவில்லை என்று கம்பெனி தெரிவித்தது. எந்தத் துறைமுகம் என்று கேட்டதற்கு, விசாரிக்கிறோம் என்றது. அந்த விசாரணை கம்பெனி மூடப்படும்வரை நடந்தது.

அதற்குள் ஆம்ப்ளிஃபயரில் காலடி கேட்க ஆரம்பித்துவிட்டது. முதலில் இலேசான உறுமல், அப்புறம் தட், தட் என்று ஒருவன் மாடிப்படி ஏறும் சத்தம். தோள்பை சுவரில் உரசுவதும் கேட்கும். அவர்கள் வீடு இருந்த மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே உடைந்துபோன படி ஒன்று அந்தக் கட்டடத்தில் உண்டு; சத்தம் அந்த இடத்தில் மட்டும் ஒரு தாவு தாவும். மகனும் அப்படித்தான் தாவுவான். பிளக்கைப் பிடுங்கினாலும் ஏறினான், மின்சாரம் இல்லாத நாளிலும் ஏறினான், வந்து மட்டும் சேரவில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் அம்மாக்காரி "இதோ வந்துட்டேன்டா" என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். திறந்து திறந்து கீல் தேய்ந்தது. வாசலுக்கு ஓடி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்; கட்டுப் போட்ட கையோடும் திறந்தாள். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் தையல்காரர் ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றித் தோளில் ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வராதவனுக்குக் கதவு திறந்து திறந்து, இருக்கிறவ தேஞ்சுக்கிட்டு இருக்கா. எப்படியாவது இதை நிறுத்திக் குடுங்க" என்றார்.

"மாஸ்டர், இதுக்கா உங்க வீட்ல எந்திரிச்சுப் போய்க் கதவு திறக்குறாங்க?"

"ஆமா."

"குக்கர் விசிலடிச்சா ரயில் ஏறப் போவாங்களா?"

தையல்காரர் சிரிக்கவில்லை. "பிளக்கே இல்லாம ஏறுறானே?" என்றார்.

"கண்டென்சருக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி, மாஸ்டர். கரண்டை உள்ள வச்சுக்கிட்டே கிடக்கும். நம்ம ஆளுங்க மாதிரி இல்ல."

நிசப்தம் முறைப்படிதான் வேலையைத் தொடங்கினார். உள்ளே வரும் வயரைக் கழற்றினார், காலடி நிற்கவில்லை. ஸ்பீக்கரை மாற்றினார், புது ஸ்பீக்கரிலும் பழைய செருப்பே கேட்டது. வால்யூமைக் குறைத்தால் அடிகள் மரியாதையாக மெல்ல விழுந்தன. பூஜ்யத்தில் வைத்தால் நின்று காத்திருந்தன. பிறகு முன்பக்கத்திலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது சத்தம் போகிறதோ அங்கேதான் கோளாறு என்பது தொழிலின் பாலபாடம். முதல் வால்வோடு மூச்சு வாங்குவது போனது. அடுத்ததோடு தோள்பை போனது. அதற்கடுத்ததோடு இடது கால் போனது. கடைசி வால்வு மட்டும் மிச்சமிருந்தபோது ஒற்றைக் காலால் நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தான். அதையும் பிடுங்கலாம்தான், ஆனால் நிசப்தத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. கோளாறு ஒரு இடத்தில் இருந்தால் கண்டுபிடிக்கலாம், ஆள் முழுசாக இருந்தால் என்ன செய்வது? எரிச்சலில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். எது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறிக்காமல் பழைய கண்டென்சர் அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் புதுசு வைத்தார். ஆம்ப்ளிஃபயர் வாயை மூடிக்கொண்டது. அவ்வளவு சுத்தமான அமைதியைக் கடைவீதி அதுவரை கேட்டதில்லை; பக்கத்துக் கடைக்காரர் காது அடைத்துவிட்டதென்று டாக்டரிடம் போனார்.

ஊரிலிருந்து திரும்பிய அம்மாக்காரி ஸ்பீக்கர் முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, புருஷனைத் திட்டவுமில்லை. ஆம்ப்ளிஃபயரை அவரையே மறுபடி தூக்கச் சொல்லி, பின்னாலேயே நடந்து கடைக்கு வந்தாள்.

"தம்பி, எங்க எடுத்து வச்சிருக்கீங்க?"

"எதைம்மா?"

"ஏறிக்கிட்டு இருந்தவனை."

நிசப்தம் கண்டென்சர் கொள்கையை முழுக்க விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி. அந்தப் பழசையே திரும்ப வச்சிடுங்க" என்றாள்.

வைப்பது எளிது என்றுதான் அவரும் நினைத்தார். டப்பாவில் இருந்தவை எல்லாம் ஒரே மாதிரி பழுப்புக் காகிதக் கண்டென்சர்கள். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேலை செய்கிற ரகம். எது எந்த இடம், எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டே சில வருஷங்கள் போயின. உறுமல் வந்தது, ஒருமுறை தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது, காலடி வரவில்லை. நீதிமன்றம் புது மைக் வாங்கிக்கொண்டது. தையல்காரருக்குக் கண் மங்கிப் பொத்தான் துளை இடம் மாறி விழ ஆரம்பித்தது. அம்மாக்காரி தினமும் வந்து கடை முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம், சால்டரிங் புகை அடங்குவதற்குள், தட், தட் என்று கேட்டது. செருப்பு அதேதான், தோள்பையும் உரசியது. ஆனால் தாவல் முதலிலேயே வந்துவிட்டது, மற்றப் படிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தன.

"இறங்குறான்" என்றாள் அம்மாக்காரி.

"திருப்பி வச்சிட்டேன் போலிருக்கும்மா, சரி பண்ணிடலாம்."

"வேணாம் தம்பி. மேல வந்து பாத்திருப்பான். வீடு பூட்டியிருந்துச்சுல்ல."

அவள் போன பிறகு அவர் திருப்பி வைத்துப் பார்த்தார். உறுமல் மட்டும் கேட்டது. பழையபடி வைத்தார், இறங்கினான். அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு படி கிடையாது, எந்தக் கட்டடத்துக்கும் கிடையாது. அவன் இறங்கிக்கொண்டே இருந்தான், சத்தம் நாளுக்கு நாள் ஆழத்துக்குப் போனது. வீதியில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. வெயில், தூசி, தையல்காரர் மகன் இறங்குவது என்று வரிசையில் சேர்ந்துவிட்டது. பிறகு அம்மாக்காரிக்கு முழங்கால் விட்டுப்போய் வீட்டுப் படிகளில் இறங்க முடியாமல் போனது, முக்காலி காலியானது.

அவள் வராமல் போன முதல் வாரத்தில் ஒரு நாள், காலடி ஏறக்குறைய கேட்காத அளவுக்குப் போய்விட்டபோது, நிசப்தம் வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். ஸ்பீக்கர் துணியருகே குனிந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுப்பா. அம்மா வீட்டுலதான் இருக்காங்க. கதவு திறந்துதான் இருக்கு."

காலடி நிற்கவில்லை. அவர் வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.