மேற்கே போகிற பகல்

ஜன்னலில் வெயில். இறக்கைமேல் வெயில். மடியில் கிடந்த கைகளின்மேலும் அதே வெயில்.

முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை. அதில் ஒரு பொம்மை விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து லண்டன். எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பதினோரு மணி நேரம்.

கீழக்கரை சபூரா கடல் தாண்டுவது இதுதான் முதல் முறை.

அங்கே மகள் ரிஃபாயா. அவளுக்கு நாள் நிறையாமல் இரண்டு மாதம் முந்திப் பிறந்த பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள். பிள்ளை தங்க வேண்டும் என்று சபூரா ஒன்பது நோன்பு நேர்ந்திருந்தாள். எட்டு முடிந்தது. இன்று ஒன்பதாவது.

கணக்கு அவளே போட்டதுதான். விடிகாலை ஐந்தரைக்கு ஏறினால் மாலை நாலரைக்கு இறங்கிவிடலாம். பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் மஃரிப், நோன்பு திறக்கும் நேரம்.

சூரியனும் மேற்கேதான் போகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நாக்கு வறண்டது. உதடு வெடித்தது. கடிகாரத்தில் இரண்டு, மூன்று, நாலு. வெளியே அப்போதும் முற்பகல். மறுபடி வெயில். மறுபடி வெயில்.

"என்னம்மா, சூரியனும் நம்ம ஃப்ளைட்லயே டிக்கெட் போட்டுருச்சு போல?" என்றான் பக்கத்து இருக்கை நாகர்கோவில்காரன்.

சிரிக்கக்கூட எச்சில் இல்லை.

இறங்கினாள். வரிசையில் நின்றாள். ரயிலில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவள் கடிகாரத்தில் இரவு ஏழரை. அந்த ஊர்ச் சுவரில் பிற்பகல் இரண்டு.

கண்ணாடிக்குள் பிள்ளை. மூக்கில் நூல்போல ஒரு குழாய். அது வழியாகத்தான் பால், துளித்துளியாக.

சபூராவின் கால்கள் மடங்கின. ரிஃபாயா தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஊர்ல பாங்கு சொல்லி முடிஞ்சிருக்கும் உம்மா. நோன்பத் தொறங்க."

"இங்க சூரியன் நிக்குதே, மா."

"பிரயாணத்துல விட்டா குத்தமில்லன்னு நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்தீங்க?"

"இது நேர்ச்சை. நடுவுல விட்டா, பிள்ளைக்கு..."

ரிஃபாயாவின் கண்கள் வீங்கியிருந்தன. பத்து நாளாகத் தூங்காத கண்கள். சத்தம் போடக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"அவ ஒன்னரைக் கிலோதான் இருக்கா, உம்மா. உங்க நோன்பையும் அவ தலையில வைக்காதீங்க."

சபூரா ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு மகள் நீட்டிய தண்ணீரை வாங்கினாள். பிஸ்மி சொல்லி ஒரு மடக்கு குடித்தாள்.

கண்ணாடிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறியது. இறங்கியது.

மறுபடி ஏறியது.

இரண்டாவது மடக்கைக் குடித்தாள்.