ஒரு சேலை நீளம்

ஸ்ரீசிட்டி கம்பெனியில் பூவராகவனைத் தீப்பாதுகாப்புக் குழுவில் சேர்த்தாலும் சேர்த்தார்கள், வீட்டில் கன்னிகாவுக்குக் காது புளித்துப்போனது. ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாகச் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, அடுப்பங்கரை வாசலில் நின்று பேசிப் பழகுவான். கேட்பதற்கு மனைவி கன்னிகாவும் பதினோரு மாதக் குழந்தை நந்திதாவும்தான்.

“நெருப்புன்னா மொதல்ல மூணு கேள்வி! காத்து எந்தப் பக்கம் அடிக்குது? தண்ணி எங்க இருக்குது? வெளிய போற வழி எது? இந்த மூணுக்கும் பதில் தெரியாதவன் தீப்பெட்டியத் தொடவே கூடாது!”

“கொழம்பு தீயுது, கொஞ்சம் நவுரு மாமா” என்பாள் கன்னிகா. நந்திதா மட்டும் கைதட்டுவாள்.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் மலைக்கு நெருப்பு வைக்கக் கிளம்பினான் என்றால் நம்புவீர்களா?

ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம் அவனுடையது. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் அடிவாரத்து முனியப்பனிடம் போய் நின்றான். குழந்தை பிறந்தால், காதுகுத்துக்கு முன்னால் மலைச்சரிவில் ஒரு சேலை நீளத்துக்குப் புல்லைக் கொளுத்துவதாக வேண்டிக்கொண்டான். அந்த ஊரில் அது ஒரு பழைய வழக்கம். குழந்தையும் பிறந்தது, கொழுகொழுவென்று.

காதுகுத்துக்குக் குறித்த நாளோ ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு. மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. புல்லைத் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாரஸ்ட்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகத் தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார்கள்: “கொண்ட மீத நிப்பு பெட்டொத்து! மலைமேல நெருப்பு வெக்காதீங்க! அடுப்பு மூட்டாதீங்க! மீறினா கேசு!” விருந்துக் கறிக்குழம்பைக்கூட வீட்டிலேயே காய்ச்சி ஆட்டோவில் ஏற்ற வேண்டியதாயிற்று.

இதில் இன்னொரு கூத்து. இந்தக் கோடைக்கு மலைத்தீக் காவலுக்கு எடுத்திருந்தது கன்னிகாவின் அண்ணன் தேவேந்திரனைத்தான். தாய்மாமன் அவன். நந்திதாவை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவனும் அவனே. மலையில் தீப்பிடித்தால் முதலில் போவது அவன் வேலை.

ஞாயிறு காலை, கோயில் பந்தலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். தேவேந்திரன் விடிந்ததிலிருந்தே, தீப்பிடித்தால் பரவாமலிருக்க, சரிவில் சருகு கூட்டிக்கொண்டிருந்தான். கற்பூரத் தட்டில் இருந்த தீப்பெட்டியோடு பூவராகவனையும் காணோம் என்றதுமே கன்னிகாவுக்குப் பொறி தட்டியது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் விடுவிடுவென்று ஏறினாள்.

“இன்னா மாமா, எங்க போய்க்கினு இருக்கே? கையில இன்னாது?”

பட்டு வேட்டியோடு நின்றிருந்த பூவராகவன் திருதிருவென்று விழித்தான். “வேண்டுதல் கன்னிகா. முடிக்காத வுட்டா சாமி சும்மா வுடுமா? போன வாரம் புள்ளைக்கு ஜொரம் வந்துச்சே, பாத்தல்ல?”

சொல்லிக்கொண்டே குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எட்டு வருஷம் காத்திருந்து பெற்றவனுடைய பயம் அது. கேலி செய்ய நமக்கே மனசு வராது.

“பல்லு மொளைக்குது, அதுக்கு ஜொரம்” என்றாள் கன்னிகா. “சரி, வெய்யி. நான் தடுக்கல. மூணு கேள்விக்கும் பதில் சொல்லிட்டு வெய்யி.”

“இன்னா கேள்வி?”

“தெனம் என் அடுப்பாண்ட நின்னு கேப்பியே, அதுதான். காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

பழக்கதோஷம்! கை தானாக ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவியது. மண் நேராகப் பந்தல் பக்கம் பறந்தது.

“தண்ணி எங்க இருக்குது?”

“டேமுல...”

“டேமு எத்தினி தூரம்?”

“மூணு கிலோமீட்டர்” என்றான் முனகலாக.

“வெளிய போற வழி எது?”

பூவராகவன் சுற்றிப் பார்த்தான். வழி ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கமும் காய்ந்த புல். அந்தப் பாதையின் நடுவில் கன்னிகா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் நந்திதாவோடு.

அடக் கடவுளே! தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

“இன்னா மாப்ள, பட்டு வேட்டியோட மண்ணுல குந்திக்கினு?” குச்சித் தொடப்பத்தோடு இறங்கி வந்த தேவேந்திரனுக்குத் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. “நல்ல வேளை! என் மருமவ காதுக்கு முன்னால என் வேலைக்கு ஓட்ட போட்டிருப்பே!”

“வேண்டுதலுக்கு இன்னா பண்றது மச்சான்?”

பதில் கன்னிகாவிடமிருந்து வந்தது. “அண்ணே, சருகு இல்லாத எடத்துல நெருப்பு தாண்டாதுன்னு சொன்னியே. நீ கூட்டறதுல ஒரு சேலை நீளம் எங்களுக்கு வுடு. எரிக்கறேன்னு வேண்டிக்கினதுக்குப் பதிலா கூட்டிக் குடுக்கறோம். முனியப்பன் மலையிலதானே இருக்காரு, அவருக்குத் தெரியாதா?”

அண்ணன் சீராகக் கொண்டுவந்திருந்த புதுச் சேலையை எடுத்து வரச்சொல்லி, ஆளுக்கொரு முனை பிடித்து அளந்தார்கள். பூவராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் தெரிகிற வரைக்கும் கூட்டினான். எங்கே போனார்கள் என்று தேடிவந்த சொந்தக்காரர்கள் முதலில் கைகொட்டிச் சிரித்தார்கள். பிறகு பத்மாவதி அத்தை, “போன வருசம் என் பேரனுக்காவ எரிச்சேன், மனசு கேக்கல. குடு இப்டி” என்று தொடப்பத்தைப் பிடுங்கினாள். மற்றவர்களும் இலைக்கொத்தை ஒடித்துக்கொண்டு சேர, கறிக்குழம்பு ஆறிப்போவதற்குள் பதினெட்டுச் சேலை நீளம் பளிச்சென்று சுத்தமாகிவிட்டது.

மாமன் மடியில் நந்திதா இரண்டு காதுக்கும் இரண்டு முறை வீறிட்டாள். வாயில் சர்க்கரையைப் போட்டதும் சிரித்தாள். பூவராகவன் பந்தல் நடுவில் எழுந்து நின்றான்.

“கம்பெனில ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு, என் மலைக்கு நானே தீப்பெட்டி எடுத்துக்கினு போனேன். சாமிக்குப் பயந்தா மட்டும் போதாதுங்க, காஞ்ச புல்லுக்கும் பயப்படணும். கோடையில மலையில ஒரு குச்சிகூட கிழிக்காதீங்க. வேண்டுதல் இருந்தா தொடப்பத்த எடுத்துக்கினு வாங்க!”

வழக்கம்போல நந்திதா கைதட்டினாள். இந்த முறை கன்னிகாவும் தட்டினாள்.