கூட்டினால் ஐந்து

விடிந்ததிலிருந்து துளசிராம் போன் மேல் போன் போட்டு நாகஜோதியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவர். கடைக்கு டொமைன் வாங்கி மெயில் அமைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

“சிங்கப்பூர்க்காரன் டிசைன் அனுப்புறேன், வியாழனுக்குள்ள சரின்னு எழுதுன்னான். இன்னிக்கு வெள்ளி. ஒண்ணும் வரலையேம்மா. போன்லயும் ஆளு சிக்க மாட்டேங்கிறான். இந்த ஆர்டர் போச்சுன்னா தறிக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“போன வாரம் டெஸ்ட் மெயில் வந்துச்சுல்லண்ணே. நீங்க எதையும் தொட்டீங்களா?”

“நான் ஏம்மா தொடப்போறேன்?”

வில்லாபுரத்தில் வீட்டு மாடிதான் அவளுடைய ஆபீஸ். இன்டர்நெட் கிடைப்பதும் அறுவதுமாக இழுத்தடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தாள். டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் செர்வரில் சேர்ப்பது என்று எழுதி வைக்கும் இடம் அது. புது செர்வருக்கு வரிசை எண் 10 என்றும், அது படுத்துவிட்டால் தாங்கட்டும் என்று தன்னிடம் இருந்த பழைய செர்வருக்கு 20 என்றும் போட்டிருந்தாள். இப்போது 10 இருந்த இடத்தில் 32 இருந்தது. பாஸ்வேர்டு அவளை விட்டால் அவரிடம் மட்டும்தான் உண்டு.

“முப்பத்திரெண்டு யாருண்ணே போட்டது?”

“அதுவா. பேரையூர் ஜோசியர் சொன்னாரும்மா. பத்தைக் கூட்டினா ஒண்ணு, அது எனக்கு ஆகாதாம். முப்பத்திரெண்டைக் கூட்டினா அஞ்சு, வியாபாரத்துக்கு உகந்தது. நம்பரைத்தான மாத்தினேன், வேற எதையும் தொடலையே.”

நாகஜோதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செர்வர் நம்பரைக் கொண்டுபோய் ஜோசியரிடம் காட்டுவார்கள் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

“சின்ன நம்பருக்குத்தாண்ணே மெயில் முதல்ல போகும். இப்ப இருபதுதான் சின்னது. அம்புட்டு மெயிலும் பழைய செர்வர்ல போய் விழுந்திருக்கு.”

யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பழைய மெயில்பெட்டியைத் திறந்தாள். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மெயில் வந்திருந்தன. முதலாவதில் டிசைன்கள். இரண்டாவது அன்று காலையில் வந்தது. பதில் வராததால் வேறு கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதியிருந்தான். அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

போனில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

“பதினாலைக் கூட்டினாலும் அஞ்சுதானேம்மா,” என்றார் மெதுவாக. “சின்ன நம்பருக்குத்தான் முதல்லன்னு தெரிஞ்சிருந்தா அதையே போட்டிருப்பேன்.”

வாய் வரை வந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது. மெயில் அமைத்த அன்றைக்கு, இந்த நம்பர் எதுக்கும்மா என்று அவர் கேட்கத்தான் செய்தார். அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணே என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான்.