வேண்டாதவர்களின் தோட்டம்

மண்வெட்டியார் என்று எல்லோரும் கூப்பிடும் தோட்டக்காரர், முப்பது வருடமாகப் பிறத்தியார் வீட்டில் களை பிடுங்கியவர். அவர் வாசலில் நின்று செருமினாலே உள்ளே இருக்கும் கோரைப்புல் வேரோடு எழுந்து நிற்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் மலர்க்காட்சிக்குக் களையை வைத்தே ஒரு தோட்டம் போட்டார்.

அது கருத்துத் தோட்டப் பிரிவு. பத்தடிக்குப் பதினைந்தடி இடம் தருவார்கள். தோட்டம் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும், பூமிக்குப் பாரமாகவும் இருக்கக் கூடாது. மண்வெட்டியார் ஒரு செடிகூட விலைக்கு வாங்கவில்லை, குழாயில் ஒரு சொட்டுப் பிடிக்கவில்லை. நடைபாதை வெடிப்பு, சாக்கடை ஓரம், பேருந்து நிலையத்தின் முதுகுப்புறம் என்று அலைந்து, மிதிபட்டும் சாகாத செடிகளாகப் பெயர்த்து வந்து உடைந்த செங்கற்களுக்கு நடுவே நட்டார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டில் அதன் பழைய விலாசம்: 'தபால் பெட்டிக்குப் பின்னால், மூன்றாவது வெடிப்பு.' அதில் ஒரு பசலைக்கீரைமேல் ரோடு ரோலர் இரண்டு தடவை ஏறி இறங்கியிருந்தது. பசலை மூன்றாம் நாள் பூத்தது. ரோலர்தான் பழுதுபார்க்கப் போனது.

அடுத்தவர் வரைந்த படத்துக்கே தோண்டிப் பழகிய மனிதர், சொந்த மண்டையிலிருந்து போட்ட முதல் தோட்டம் அது. பலகையில் 'வேண்டாதவர்கள்' என்று அவரே எழுதினார். இரண்டு மாதமும் கூடவே கூடை சுமந்தவர் மச்சான். மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி, மீசை நரைத்தவர்.

காட்சி நாளன்று பத்து மணிக்கு நடுவர்கள் வர வேண்டும். ஏழு மணிக்கு மச்சான் சொன்னார்:

"வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க மாமா. இப்படியே நின்னா உங்களையும் ஒரு களைன்னு நினைச்சுடுவாங்க."

"உன்னைப் பாத்தா உரம்னு நினைப்பாங்க, அது பரவால்லையா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டில் மனைவி வெந்நீர் போட்டு, சட்டை தேய்த்து வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம். "நிதானமா சாப்பிடுங்க, என்ன அவசரம்?" என்று இரண்டு தடவை சொன்னாள். அவரும் நிதானமாகவே சாப்பிட்டார்.

ஒன்பதரைக்குத் திரும்பினால், தோட்டம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு களை இல்லை. வரிசை வரிசையாகப் பெட்டூனியாப் பூச்செடிகள், நடுவே பாய்போல விரித்த புல். குப்பை அரைக்கும் இயந்திரம் மூலையில் கடைசி மூட்டையை மென்றுகொண்டிருந்தது.

முதலில் அவருக்குக் கோபமே வரவில்லை. களையைக் கண்டால் கை சும்மா இருக்காது, தொழில் புத்தி, பாவம் மறதியாய்ப் பிடுங்கிவிட்டான் என்று மச்சானுக்காக அவரே வாதாடிப் பார்த்தார். அப்புறம்தான் பலகை கண்ணில் பட்டது. 'வானவில் வரவேற்பு'. தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. அந்தப் பெயிண்ட் காய இரண்டு நாளாவது ஆகும். நேற்று மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

"எப்ப முடிவு பண்ணின?"

"போன வாரம். கோவிச்சுக்காதீங்க மாமா. களை வளக்குறவன்னு பேர் வந்தா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்? சொன்னா நீங்க கேப்பீங்களா?"

"நீ சொல்லவே இல்லையே."

"அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு. ஒன்பது மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன்னுச்சு."

வெந்நீர் போட்ட காரணம் இப்போது புரிந்தது. குளித்த உடம்பு எரிந்தது.

நடுவர்கள் வந்தார்கள். மச்சான் குழைந்து குழைந்து விளக்கினார்: எதையும் விலைக்கு வாங்கலீங்க, குழாய்த் தண்ணி தொடலீங்க, எல்லாரும் வேண்டாம்னு விட்டதுக்கு ஒரு இடம் குடுத்திருக்கோம். அத்தனையும் மண்வெட்டியார் இரண்டு மாதமாகக் கூடைக்குப் பக்கத்தில் நடந்தபடி சொன்னவை. ஒரு வார்த்தை பிசகவில்லை. செடியைப் பிடுங்கி வீசியவர், பேச்சை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

ஒரு நடுவர் படிவத்தை நீட்டினார். "வடிவமைச்சவர் நீங்கதானே ஐயா? கையெழுத்துப் போடுங்க."

"போடுங்க மாமா, நம்ம குடும்பத்துக்குத்தானே," என்றார் மச்சான் காதோரம்.

மண்வெட்டியார் பேனாவை வாங்கினார். படிவத்திலிருந்த தன் பெயரைக் கோடு போட்டு நிதானமாக அடித்தார். மேலே மச்சான் பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், அழகாக எழுதினார்.

"இவர் போட்டது. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பேருந்து ஏறினார். வீட்டு நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. அதே வண்டியில் கடைசிவரை போய்த் திரும்பினார், மறுபடியும் நிறுத்தம் வந்தது, மறுபடியும் இறங்கவில்லை. அன்று அவர் பதினொரு நடை போய் வந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆறு நடைதான். ஏழாவதில் நடத்துனர், "எங்கய்யா இறங்கணும்?" என்று கேட்டார். அவர் இன்னொரு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார்.