எட்டுப் பக்கம் தள்ளிப் போன பாலம்

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நூலகத்துப் படப்புத்தகத்தின் பதினாறாம் பக்கத்திலிருந்து கரடியும் முள்ளம்பன்றியும் முயலும் இறங்கி, நடைபாதையில் ஓரமாகவே நடந்து, அந்தப் புத்தகத்தைத் தைத்த பைண்டர் அக்காவின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தன. புத்தகம் கரடியின் கக்கத்தில் இருந்தது.

“பாலம் எங்கக்கா?” என்றது முள்ளம்பன்றி. நலமா, சௌக்கியமா எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். மூவரும் காட்டைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, கடைசிப் பக்கத்தில் முயலின் ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாட வேண்டும். அங்கே ஆந்தை, கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் காத்திருக்கிறது. ஆனால் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினால் பாலம் இல்லை. குழாய்க்கு வாஷர் மாற்றும் முறை படத்துடன் இருக்கிறது. மெழுகுவர்த்தியோ சுண்டுவிரல் நகமளவுதான் மிச்சம். அணைந்துவிட்டால் முயலுக்கு ஆயுசு முழுக்க நாலு வயதுதான்.

“நேரா கடைசிப் பக்கத்துல போய் இறங்கிக்கிறதுதானே?”

“நடுவுல தாவினா அது சாகசமாக்கா?” என்று முயல் முறைத்தது.

பைண்டர் அக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் தைத்த ஒரு புத்தகம்கூடத் திரும்பி வந்ததில்லை; இது மூன்று பேரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டது. இதைத் தைத்த அன்றைக்கு மேஜையில் ஒரே அளவில் இரண்டு புத்தகங்களின் அச்சுத் தாள்கள், எட்டெட்டுப் பக்கமாக மடித்து அடுக்கியிருந்தன. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தங்கையோடு சண்டை போட்டதில், இந்த மடிப்பு அதற்கும் அந்த மடிப்பு இதற்கும் போயிருக்கிறது. அப்படியானால் பாலம் ஏதோவொரு குழாய் ரிப்பேர் கையேட்டில் இருக்கிறது. எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. போன மாதம்தான் நாத்தனார் புலம்பினாள்: சமையலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டால், அடுப்பிலிருந்து தொட்டி வரைக்கும் மரப்பாலம் கட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

ஊசி, நூல், பசை டப்பாவோடு நால்வரும் பிளம்பர் வீட்டுக்கு ஓடினார்கள்.

“புத்தகத்துல போட்டிருக்கறபடிதானே செஞ்சேன்? கைப்பிடி வேற வெச்சுக் குடுத்தேன்” என்றார் பிளம்பர். பக்கங்களைத் தர மாட்டாராம். “பாலம் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் என் மாமியார் என்னை மாப்பிள்ளைங்கறாங்க. அதுவரைக்கும் ‘அந்த ஆளு’தான்.”

கரடி வாதாடவில்லை. மூன்று மாதம் படிப்பதற்கு வேறெதுவும் கிடைக்காத கரடி அது. நேராக உள்ளே போய், அந்த வீட்டில் ஏழு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை நாலே நிமிடத்தில் நிறுத்தியது.

“யாரது, சொட்டறதை நிப்பாட்டினது?” என்று உள்ளிருந்து மாமியார் குரல். “நிச்சயமா அந்த ஆளா இருக்காதே!”

பிளம்பர் கையேட்டை எடுத்து நீட்டினார்.

அக்கா நூலை அறுத்து, மடிப்புகளை மாற்றி, அங்கேயே தரையில் உட்கார்ந்து தைத்தாள். பசை காயும்வரை பொறுங்கள் என்று சொன்னதை யாரும் கேட்கவில்லை. மூவரும் பதினாறாம் பக்கத்தில் ஏறிப் பாலத்தில் ஓட, இருபத்தோராம் பக்கத்தில் கரடியின் கால் ஒட்டிக்கொண்டது. மற்ற இருவரும் பிடித்து இழுத்தார்கள். போய்ச் சேர்ந்தபோது மெழுகுவர்த்தி கடுகளவு இருந்தது. முயல் ஊதியது. ஐந்து.

பிளம்பரின் கையேடு இப்போது முழுதாக இருக்கிறது. ஆனாலும் அவரைப் பாலத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். குழாய் ஒழுகும் வீட்டார் நூலகத்திலிருந்து அந்தப் படப்புத்தகத்தை எடுத்துப் போய், கரடியின் கால் ஒட்டிய இருபத்தோராம் பக்கத்தை விரித்துத் தொட்டியோரம் வைக்கிறார்கள். கரடி வருகிறது, வேலையை முடிக்கிறது, கை கழுவிக்கொண்டு போகிறது. ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தரவும் என்று நூலகர் அட்டையில் சீட்டு ஒட்டியிருக்கிறார். பெரும்பாலும் துடைத்தே தருகிறார்கள்.