யாருக்கும் வேண்டாத தங்கத் தலைக்கவசம்

போன வருஷம் பனி ஹாக்கிக் கோப்பையை வென்றபோது, அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் போடும் தங்க நிறத் தலைக்கவசத்துக்காக இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்தார்கள். இருவருமே இப்போது சுவிட்சர்லாந்தில், கொழுத்த சம்பளத்தில். மிச்சம் இருந்தவர்களில் முதலாவது யாரென்று பார்த்தால், முப்பத்தேழு வயதுத் தடுப்பாட்டக்காரர் தாபியோ குர்கெலா. இருபத்திரண்டே புள்ளி. ஊருக்கே சிரிப்பு. மீன்கடையில் அவர் மனைவி ஐலாவிடமே கேட்டார்கள்: "உங்க வீட்டுக்காரர் தலை இன்னும் மின்னுதா?"

மின்னுவதில்தான் வினை. மோதுவதற்கு எதிரணிக்காரன் எவனும் முதலில் தேடுவது அந்தத் தலையைத்தான். மார்ச் பிறப்பதற்குள் இடது தோள் மூன்று தடவை விலகிவிட்டது. இன்னும் இரண்டே ஆட்டம், அதோடு ஓய்வு. அணியோ கடைசிக்கு முந்தின இடம். "கை தூக்குற நிலையில வீடு வந்து சேரு, அது போதும்" என்று ஐலா சொல்லியிருந்தாள்.

அந்த இரண்டில் முதல் ஆட்டத்தில் அதிசயமாக ஒரு கோல் விழுந்தது. கோலுக்கு வட்டைத் தள்ளிக் கொடுத்தவருக்கான புள்ளி தாபியோ பெயரில். ஆட்டம் முடிந்ததும் மனுஷன் புள்ளிக் குறிப்பாளர் மேசைக்குப் போனார்.

"அது என் மட்டையில படல. ரிக்கு குடுத்தது."

புள்ளியைத் தனக்குக் கேட்டு வருகிறவர்களையே பார்த்துச் சலித்த குறிப்பாளர், மறுபேச்சில்லாமல் மாற்றி எழுதினார். அதுவரை தாபியோவோடு சமமாக இருந்த இளம் ஆட்டக்காரன் ரிக்கு ஒரு புள்ளி முன்னே போனான்; தங்கம் இனி அவன் தலைக்கு.

கடைசி ஆட்டத்தன்று வந்து பார்த்தால், தங்கம் தாபியோவின் கொக்கியிலேயே தொங்குகிறது. எதிரே ரிக்கு குனிந்து சறுக்குக் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"வீடியோ பாத்தேன் கேப்டன். அது உங்க புள்ளிதான். காலையிலயே குறிப்பாளர்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன்."

"யாருய்யா உன்னச் சொல்லச் சொன்னது?"

"ஜூன்ல எனக்குக் கல்யாணம். போட்டோவுல பல்லு வேணும்."

அறையில் யாரோ சிரித்தார்கள், வெகு நாளைக்குப் பிறகு.

தாபியோ தலைக்கவசத்தை மடியில் வைத்துத் திருப்பினார். உள்மெத்தையில் இன்னும் பியர் வாடை. போன ஏப்ரலில் சந்தைத் திடலில் இதில்தான் ஊற்றிக் குடித்தார்கள். பாதி பியர் காற்றுத் துளைகள் வழியே ஒழுகிப் போனது, ஒருவரும் கவலைப்படவில்லை.

"வந்து மாட்டி விடு. கை மேல போகல."

ரிக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் வார் பூட்டினான். "நான் உங்க பக்கத்துலயே நிக்கிறேன்."

"தள்ளியே நில்லு. பல்லு பத்திரம்."

நாலாவது நிமிஷமே இடது மூலையில் வைத்து அவர் தோளில் மோதினார்கள். அன்று வீட்டுக்குக் காரை ஓட்டியது ஐலா. ஊர் அதையும் பார்த்தது.